பாதம் பார்த்து ஓடிய கப்பல்

கொட்டாவி விட்டாலும் சேகண்டி அடித்தார்கள். சட்டத்தில் கொட்டாவி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தண்டனை வாங்கிய கப்பல் தலைவன் பேச வாயெடுத்தால் அந்தப் பேச்சு யார் காதிலும் விழாதபடி சேகண்டி முழங்க வேண்டும், மீறிக் கேட்டவனுக்கும் அதே தண்டனை, அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் சேகண்டிக்காரன் வேலைக்குப் புதுசு, பயந்தவன், வாய் திறந்தால் போதும், கட்டையைத் தூக்கிவிடுகிறான். தண்டனை வாங்கியிருந்த கொற்றவேலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் தெரியும், பல் தெரிந்தால் ணங் என்று ஒன்று விழும், எதற்கு வம்பு என்று உதட்டை இறுக்கிக்கொண்டார். இதே மந்தைவாய் ஜலசந்தி வழியாக, தண்டனைக்காரர்களைக் கொண்டுபோய் விடுகிற இதே உப்புத்திட்டுக்கு, ஒரு காலத்தில் இவரே ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தவர்தான். அந்த மனிதர் வழியெல்லாம் தண்ணீர் கேட்டார். தண்ணீர்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த முழக்கத்தில் என்ன கேட்டார் என்று யார் கண்டது, வாய் அசைந்தது, இவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ. பாயில் கிழிசல் இருக்கிறது என்றோ, கயிறு இற்றுப்போயிருக்கிறது என்றோ. அதெல்லாம் இருக்காது, தண்ணீர்தான். கொற்றவேலுக்கும் இப்போது தாகமாகத்தான் இருந்தது. வெள்ளலகு என்ற அந்தக் கப்பலின் முன்மூக்கில் ஒரு பலகை போட்டு, கப்பல் போகிற திசைக்கு முதுகு காட்டி அவரை உட்காரவைத்திருந்தார்கள். கை இரண்டையும் பின்னால் ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டியாயிற்று, ஏனென்றால் கைஜாடையும் பேச்சுக் கணக்கில்தான் சேரும். முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. அதனால் அவரைக் கடந்து போகிறவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தலையைக் குனிந்தால் கால் தெரியும். காலை மட்டும் கட்டவில்லை. கட்டு என்று சட்டத்திலும் இல்லை, கட்டலாமே என்று யாரும் கேட்கவும் இல்லை.

வெறுங்கால். செருப்புப் போட்ட கப்பல் தலைவனை இந்தக் கடல் பார்த்ததே இல்லை. மற்றக் கடல்களில் பாறை என்றால் ஓரிடத்தில் கிடக்குமாம், அதைப் படத்தில் குறித்து வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்களாம், கேட்கவே ஆசையாக இருக்கிறது. இங்கே பாறைகள் மேய்கின்றன. கடலடியில் பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு ஊர்ந்து திரியும், மேய்கல் என்று பெயர், வீட்டுக்கூரை உயரம் இருக்கும். ஓடுகிற கப்பலின் அடிச்சத்தம் கேட்டால் அது மெல்ல மேலே எழும்பி வந்து ஒரு உரசு உரசும், கப்பல் போச்சு. பாயை இறக்கிவிட்டுச் சத்தம் போடாமல் நின்றுவிட்டால் நம்மைச் சீந்தாது, தன்பாட்டுக்குப் போய்விடும். நிற்க வேண்டிய நேரம் தெரிவதுதான் விஷயம். எழும்புவதற்கு முன்னால் அது முனகும். காதுக்குக் கேட்காது, பலகை வழியாக உள்ளங்காலில் ஏறும், ஏறியதும் கால்விரல் தானாக மடங்கும். தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு எந்தத் தடியனுக்கும் மடங்கும், அப்போது மடங்கி என்ன பிரயோஜனம். வெகு தூரத்தில் இருக்கும்போதே மடங்குகிற கால் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். அந்தக் காலுக்குத்தான் தலைவர் பதவி, பட்டு, கோட்டைவாசலில் வீடு, எல்லாம். சுக்கானி கடலைப் பார்க்க மாட்டான், தலைவரின் விரலைப் பார்ப்பான். பின்னால் வருகிற கப்பல்களில் அதற்கென்றே ஒருவன் தூரக்கண்ணாடியோடு உட்கார்ந்து முன்கப்பல் தலைவரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொற்றவேலின் கால் படை முழுவதும் பேர்போனது. கல்யாண வீட்டில் கூட ஆட்கள் குனிந்து காலைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்து வணக்கம் சொல்வார்கள். மனைவி பெரியநாச்சி வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் தடவிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள், "ஒங்க மூஞ்சிய யாரும் பாக்கறதில்ல, பாத்திருந்தா பதவி குடுத்திருப்பாங்களா" என்பாள். அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். காலைக் கழுவிவிட்ட அந்தப் பித்தளைத் தாம்பாளத்தை என்ன செய்திருப்பாள். கேட்டால் விலைக்குப் போட்டுவிட்டேன் என்பாள், ஆனால் போட்டிருக்க மாட்டாள்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தது. வெயில் காலம், மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உலாவிக்கொண்டிருந்தார், அவள் அடுக்களையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். தரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் பாதம். "யாரு இது, வீட்டுக்குள்ள யாரு வந்தா?" என்றாள். அவரும் சுற்றிலும் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்கும் பட்டது, இடுப்பில் கத்தியைக்கூடத் தொட்டார். பிறகு அவள் அவரை உட்காரவைத்து வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். சிப்பி ஓட்டுச் சில்லு ஒன்று பாதி விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. அவள் அதைப் பிடுங்கினாள், அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளுக்குத்தான் கண் சுருங்கியது, தனக்கு ஒன்றும் இல்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் காலைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. "எப்பலேருந்து?" என்றாள். "தெரியல" என்றார். பொய். கொஞ்ச காலமாகவே, பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் யாரோ சாக்கு விரித்தது மாதிரி இருந்ததை அவர் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தார். வயசு என்று நினைத்துக்கொண்டாரா, வயசு என்று நினைக்கப் பிரியப்பட்டாரா. "வேலைய விட்டுருங்க" என்றாள் பெரியநாச்சி. "விட்டுட்டு?" என்றார். கால் செத்த தலைவர்களைத் துறைமுகத்துக் கொட்டகையில் பார்த்திருக்கிறார்கள் இருவருமே. வலையில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், போகிற வருகிறவர்கள் அவர்கள் காலைத் தாண்டிக்கொண்டு போவார்கள். மிதித்தாலும் தெரியாது என்று சின்னப் பிள்ளைகள் மிதித்துப் பார்க்கும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம். அதை அவள்மேல் சுமத்துவது நியாயமில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் அந்த நினைப்பு வந்து வந்து போயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் படையை நடத்தினாரே, அது எப்படி. கீரனின் முகத்தை வைத்துத்தான். பக்கத்து வீட்டுப் பையன், இவர் கையில் தூக்கி வளர்த்தவன், மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் கப்பலில் ஏறியதும் தலைவரே என்று மாற்றிக்கொண்டான். அவனுக்கு நல்ல கால். முனகல் ஏறினால் முதலில் அவன் கீழுதடு உள்ளே போகும், பிறகுதான் விரல் மடங்கும். அந்த உதடு உள்ளே போனதும் இவர் கெண்டைச்சதையை இழுத்துத் தன் விரல்களை மடக்குவார். உணர்ச்சி போனாலும் அப்போது அசைவு இருந்தது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகத் தெரியும், ஒருவேளை இவருடையது ஒரு நொடி முந்திக்கூடத் தெரியும். கீரனுக்கு அதில் பெருமை தாங்காது. "தலைவரே, எனக்கும் ஒங்களோட சேந்தே கேட்டுச்சு!" என்று ஓடிவருவான். முதுகில் தட்டிக்கொடுப்பார். தட்டிக்கொடுத்தாரே, அந்தக் கையை எங்கே வைப்பது. அப்புறம் அவனுக்குத் தனிக் கப்பல் கொடுத்தார்கள். கொடுக்கலாமா என்று இவரைத்தான் கேட்டார்கள். கொடுக்கக் கூடாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. அவன் கப்பல் இவருக்குப் பின்னால் வந்தது, அவன் தூரக்கண்ணாடி இவர் விரல்மேல் இருந்தது, இவர் தளத்தில் உதட்டை உள்ளே இழுக்க ஆள் இல்லை. நல்ல வெயில், நல்ல காற்று. இவர் கப்பல் தாண்டிப் போயிற்று. இவர் கப்பலின் சத்தத்தில்தான் மேய்கற்கள் எழும்பின, பின்னால் வந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் உரசி உடைந்தன. கீரனுக்குக் கேட்டிருக்கும். அவன் காலுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. கேட்டும் அவன் ஏன் நிறுத்தவில்லை என்பதைத்தான் சிறையில் கிடந்தபோதெல்லாம் கொற்றவேல் யோசிக்காமல் இருக்கப் பார்த்தார். ஈரச் சுவரைப் பார்ப்பார், கம்பியை எண்ணுவார், எண்ணி முடித்ததும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அவன் கண்ணாடியில் பார்த்திருப்பான். தலைவரின் விரல் நீட்டியபடி இருக்கிறது. அப்படியானால் நமக்குத்தான் தப்பாகக் கேட்கிறது என்று எண்ணியிருப்பான்.

சபையில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உன் கால் கேட்டதா, கேட்கவில்லையா. கேட்கவில்லை என்றால் வலைக்கொட்டகை. கேட்டது என்றால் துரோகம், தெரிந்தே மூன்று கப்பலைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், எதிரியிடம் காசுக்குக் கைநீட்டியவன், உப்புத்திட்டு. "கேட்டது" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அவரிடம் பல காரணங்கள் இருந்தன, ஒவ்வொரு நாளைக்கு ஒன்று சரியாகப் படும். கேட்கவில்லை என்று சொன்னால் முந்தின ஒரு வருஷமும் புரட்டு என்று ஆகிவிடும், அந்த வருஷம் வாங்கிய வெற்றி எல்லாம் புரட்டு. அது ஒன்று. செத்தவர்களுடைய வீட்டார் ஒரு துரோகியை வைதால் அவர்களுக்கு ஒரு ஆறுதல், நொண்டியை வைது என்ன ஆறுதல். இது கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. உண்மை இதுவாகத்தான் இருக்கும்: துரோகியைப் பார்த்து ஆள் பயப்படுவான், கால் செத்தவனைத் தாண்டிக்கொண்டு போவான். கேவலமான காரணம்தான். சபையே உறுமியது, காறித் துப்பினார்கள், ஆனால் ஒருத்தரும் அவர் காலைச் சந்தேகப்படவில்லை. துப்பும்போதுகூடக் காலில் படாமல் துப்பினார்கள். அன்றைக்கு அது அவருக்கு இதமாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தது.

"இன்னும் விரல் நீட்டித்தான் வச்சிருக்காரு. நல்ல ஆழம் கெடக்கு, ஓட்டு ஓட்டு." யார் பேசியது. காற்று கப்பலின் பின்பக்கத்திலிருந்து அடித்ததால் சுக்கானிடம் பேசுவது முன்மூக்கு வரைக்கும் அட்சரம் பிசகாமல் வந்தது. கப்பலின் பண்டாரி, சமையல்காரன், மொட்டையன், அவன் எதற்கோ அங்கே போயிருக்கிறான். சுக்கானியின் குரல் அதற்குப் பதில் சொன்னது. உடும்பன் என்று பட்டப்பெயர், பிடித்தால் விடமாட்டான், பழைய ஆள், கொற்றவேலிடமே வேலை பார்த்தவன். "நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். துரோகியோ என்னமோ, கால் கால்தானய்யா. நாம முங்கினா அவருந்தான முங்கணும்? தன் உயிரு மேல ஆசை இல்லாமலா போகும்? வெரல் மடங்கட்டும், நிறுத்துவோம்." "அந்தப் புள்ள?" "எழினியா? சின்னக் கால். அதுபாட்டுக்கு அப்பப்ப நடுங்குது. அதுவே இவரு காலத்தான் பாக்குது." மொட்டையன் சிரித்தான், உடும்பனும் சிரித்தான். கொற்றவேல் தன் காலைப் பார்த்தார். நன்றாக எண்ணெய் பார்த்து வளர்ந்த, பெரிய, அழகான கால்கள். பலகையில் பத்து விரலும் நிம்மதியாய் நீண்டு கிடந்தன. சிறையில் விலங்கு போட்டுப் போட்டு இப்போது அசைவும் போய்விட்டது. காலையில் ஒரு ஈ வந்து பெருவிரலில் உட்கார்ந்தபோது விரட்டப் பார்த்தார், விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஈயும் பறக்கவில்லை. அப்போது அது ஒரு ஈ விஷயமாக மட்டும் இருந்தது. இப்போது அப்படி இல்லை. இந்தக் கப்பல் இவ்வளவு நேரம் மந்தைவாயில் முழுப் பாயோடு ஓடிக்கொண்டிருப்பது தன் காலை நம்பி. யார் பேச்சையும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள் காலைக் கேட்கக் கூடாது என்று போடவில்லை. "டேய் உடும்பா" என்று கத்தினார். ணங். "கால் செத்துப்போச்சுடா!" ணங் ணங் ணங். சேகண்டிக்காரனுக்கு வேர்த்துக் கொட்டியது, காலையிலிருந்து கொட்டாவிக்கு அடித்துக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் உண்மையான வேலை வந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். கத்திய ஒவ்வொரு தடவையும் தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்து காலைப் பார்த்தார்கள். விரல் நீண்டிருந்தது. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பாய்மரத்தடியில் எழினி நின்றுகொண்டிருந்தாள். கீரனின் தங்கை, இந்தக் கப்பலுக்குத் தலைவி ஆகி அதிக நாள் ஆகவில்லை, நல்ல கால்காரர்கள் எல்லாம் அந்த மூன்று கப்பலோடு போய்விட்டதால் மிச்சம் இருந்தவர்களில் இவளைப் பொறுக்கி எடுத்தார்கள். வீட்டில் இவளும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை. துறையில் அவரை ஏற்றும்போது தோளைப் பிடித்து உட்காரவைத்தவள் இவள்தான், பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளுடைய முகம் அவருக்குத் தெரியவில்லை, சட்டப்படி பக்கவாட்டில் திரும்பி நின்றாள், பாதம் தெரிந்தது. ஒல்லியான, குதிகால் தேய்ந்த பாதம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு பார்க்க என்ன இருக்கிறது. கடல் சும்மா கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. அவள் வலது சுண்டுவிரல் மெல்ல மடங்கியது. அதற்கடுத்தது. பிறகு எல்லா விரலும் பலகையைப் பற்றிக்கொண்டன. அவள் கழுத்து திரும்பியது, முகம் வரைக்கும் வராமல், அவர் கால்வரைக்கும் மட்டும். பார்த்தாள். பத்து விரலும் நீண்டு கிடப்பதைப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாய்ப் பலகையை விட்டன. நமக்குத்தான் தப்பாகக் கேட்கிறது. கீரன் கப்பலில் என்ன நடந்தது என்று சிறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசிக்க மறுத்தாரே, இதுதான், கண்ணெதிரில் வைத்துக் காட்டியாயிற்று. மடங்கு என்றார் தன் காலிடம். மடங்கித் தொலை. கெண்டைச்சதையை இழுத்தார், தொடையை இழுத்தார், வயிற்றை எக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது, விரல்கள் யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையவை போலக் கிடந்தன, அவருக்கு இவர் சொல்வது எதுவும் காதில் விழவில்லை. காலைத் தூக்கிப் பலகைமேல் மடித்து உட்காரலாமா. காலையிலிருந்து எத்தனையோ தடவை மடித்தாயிற்று, கால் மாற்றிப் போடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். உதைக்கலாமா. கிழவனுக்குக் கிறுக்கு என்பார்கள். தவிர, நிஜமாகவே அது வருகிறதா. அவள் விரல் ஒரு தடவை மடங்கியது, அவ்வளவுதானே. சின்னக் கால், அப்பப்ப நடுங்குகிறது என்றானே உடும்பன். வருகிறது என்று தனக்கு எப்படித் தெரியும். தெரியாது. சட்டென்று அந்த வார்த்தையில் போய் மனசு மாட்டிக்கொண்டது. வருகிறது என்று யாரும் இவரைச் சொல்லச் சொல்லவில்லையே. எனக்குத் தெரியாது என்று சொன்னால் போதுமே. எத்தனை வருஷமாய்க் கப்பலில் நின்றிருக்கிறார், அந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தளத்திலும் சொன்னதில்லை. வீட்டில் பெரியநாச்சியிடம் ஒரு தடவை சொன்னார், அதுவும் பொய்யாக.

மொட்டையன் அடுப்படிக்குத் திரும்பி வந்துவிட்டிருந்தான். பின்காற்று அடிக்கும்போது பண்டாரிகள் குமுட்டி அடுப்பை முன்மூக்கில்தான் வைப்பார்கள், புகை கப்பலுக்குள் வராமல் முன்னாலேயே போய்விடும். கொற்றவேலின் பலகைக்குப் பக்கத்தில், கால் எட்டுகிற தூரத்தில், கரி நன்றாகக் கனிந்து சிவந்திருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கருவாட்டைத் திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொண்டிருந்தான், பிறகு அதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு உப்புக்குத் திரும்பினான். எழினியின் விரல் மறுபடியும் மடங்கியது. இந்தத் தடவை சுண்டுவிரல் முதலில், மற்றது பிறகு என்றெல்லாம் இல்லை, எல்லாம் ஒன்றாக. அவள் மறுபடியும் இவர் காலைப் பார்க்கத் திரும்பினாள். கொற்றவேல் வலது காலைத் தூக்கி, பெரியநாச்சி தாம்பாளத்தில் வைக்கச் சொல்லும்போது வைப்பாரே அது மாதிரி, அவசரமில்லாமல் கொண்டுபோய்க் கனலின்மேல் வைத்தார். முழுப் பாதத்தையும் வைத்தார். புஸ் என்றது. பயம் இருந்தது, ஒருவேளை வலித்துவிடுமோ என்று, வலித்தால் இழுத்துக்கொள்வோமே, இழுத்துக்கொண்டால் எல்லாம் வீணாகிவிடுமே என்று. வலிக்கவில்லை. ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் உயிர் இருக்கும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. விரல் நீட்டியபடி இருந்தது. கருவாட்டு வாசனைக்குள் வேறு ஒரு வாசனை கலந்து பரவியது.

முதலில் மொட்டையன்தான் திரும்பினான். "ஐயையோ, கால்! கால எடுங்க, கால் வேகுது!" என்று அலறினான். சேகண்டிக்காரன் கட்டையைத் தூக்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான், அவர்தான் வாய் திறக்கவில்லையே. எழினி திரும்பினாள். காலைப் பார்த்தாள். அது எரிவதையும், விரல் ஒன்றுகூட மடங்காததையும் பார்த்தாள். பிறகு, கப்பலில் ஏறியதிலிருந்து யாரும் செய்யாததைச் செய்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கொற்றவேல் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லை. ஒன்றும் இல்லை. கீழுதடு அவளுக்கும் உள்ளே போனது, அண்ணனுக்குப் போவது மாதிரியே.

"பாய எறக்கு!" என்று கத்தினாள். "எறக்குய்யா! சுக்கானக் கட்டு! ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது!"

பாய் சரசரவென்று இறங்கியது. கப்பல் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், தயங்கி, நின்றது. மொட்டையன் அவர் காலைத் தூக்கி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அலை பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொற்றவேல் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோருடைய காலையும் பார்த்தார். எழினியின் விரல்கள் பலகையைக் கவ்வியிருந்தன. பிறகு சேகண்டிக்காரனின் விரல் மடங்கியது, அவனுக்கே ஆச்சரியம், குனிந்து பார்த்துக்கொண்டான். மொட்டையனுடையது மடங்கியது. தூரத்தில் உடும்பனின் வெடித்த பாதத்திலும் விரல்கள் சுருண்டன. தடியர்களுக்கெல்லாம் கேட்கிறது என்றால் நேர் அடியில் போகிறது. கப்பலின் இடதுபக்கத் தண்ணீர் கறுத்து, கூரை அகலத்துக்குக் கறுத்து, மெதுவாகக் கடந்து போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் சின்னதாக ஒன்று. கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது உள்ளங்காலில் ஏறி இறங்கியது. கொற்றவேலுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

விரல்கள் எல்லாம் பிரிந்தபிறகு எழினி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். மொட்டையன் மடியில் கிடந்த காலின்மேல் அவளே ஊற்றினாள். வாளி காலியானதும் அதை விட்டெறிந்தாள். கோபத்தில்தான் எறிந்தாள், அதில் சந்தேகமே இல்லை.

"மாமா" என்றாள். "கீரனுக்குத் தெரியுமா?"

கொற்றவேல் வாயைத் திறந்தார். சேகண்டிக்காரன் பழக்க தோஷத்தில் கட்டையை ஓங்கினான், அவள் எட்டிச் சேகண்டியின் முகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் அடித்த அடி அவள் விரலில் விழுந்தது. சத்தம் வரவில்லை.

"தெரியாதும்மா" என்றார் கொற்றவேல். கத்திக் கத்தி வறண்ட தொண்டை, கரகரவென்று வந்தது. "அவன் மூஞ்சியப் பாத்துத்தான் நான் ஓட்டினேன். அவன் என் காலப் பாத்தான். அவனுக்கு சரியாத்தான் கேட்டிருக்கும்."

கப்பலில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. கேட்டவனுக்கும் அதே தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எழினி மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. அடிபட்ட விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு பாய்மரத்தடிக்குத் திரும்பிப் போனாள், போய்ப் பாதத்தைப் பலகையில் நன்றாகப் பதித்து நின்றாள்.

"உடும்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே. "இனிமே என் காலப் பாத்து ஓட்டு."

"சரிங்க தலைவரே" என்றான் உடும்பன்.

பாய் ஏறியது. கப்பல் நகர்ந்தது. மொட்டையன் காலுக்குப் போட மஞ்சளும் எண்ணெயும் தேடிக்கொண்டு போனவன், அடுப்பு கனிந்தபடி கிடப்பது ஞாபகம் வந்து அதைக் கிளறிக்கொண்டு நின்றுவிட்டான். ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்கள், வந்தார்கள். ஒருவன் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரிய கால்களைப் பார்க்காமல், ஒரு எட்டு வைத்துத் தாண்டிக்கொண்டு போனான்.